நைனா தேடும்

அத்தியாயம் பதினேழு

மணவாளன் தூங்கினால் மெயின் சுவிட்சை இறக்கி வைத்த மாதிரி. சிப்காட்டில் இருக்கும் ரோலிங் மில்லில் ராத்திரி முழுக்கப் பழுக்கக் காய்ச்சிய கம்பிக்கு எதிரே நின்றுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஆரம்பாக்கம் வந்து இறங்கி, நாஷ்டாவை முடித்து, கண்ணுக்கு மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார் என்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் தெருவில் டிராக்டர் போனாலும் சரி, தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போனாலும் சரி.

அந்தத் தூக்கத்தை நம்பித்தான் செல்வி இன்று கேன்டீன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள்.

மகள் பூமிகா கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன ஆடியில் இருந்து, டூட்டி முடிந்ததும் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய் ஜெர்மன் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொன்னது ஓவர் டைம் என்று. நிஜம் செல்விக்கு மட்டும் தெரியும். ஜெர்மனியில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தின் மேனேஜரம்மா இன்று மத்தியானச் சோற்று நேரத்துக்கு முன்னால் வீடியோவில் பேசப் போகிறாள். அந்த அம்மாவுக்குப் பிடித்தால்தான் வேலை.

மணவாளனிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் ஆக்கி வைத்தவன் மூத்தவன் பரத். இரண்டு வருஷத்துக்கு முன், அப்பா ஷிப்ட்டில் இருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனாவுக்கு வேலைக்குப் போனவன். ரயில் ஏறிய பிறகுதான் போன் செய்தான். மணவாளன் அதை எடுக்கவில்லை. அப்புறமும் எடுக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவனும் ரோஷமாக விட்டுவிட்டான். அம்மாவிடமும் தங்கையிடமும் பேசுவதோடு சரி. இரண்டு பொங்கல் அவன் இல்லாமலே பொங்கியாயிற்று.

போன மாதம் சொந்தத்தில் ஒரு பெண் துபாய் போகிற பேச்சு வந்தது. மணவாளன் தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நம்ம ஊட்ல இருந்து போனவன் மொதல்ல வந்து வாசப்படி ஏறட்டும். அப்பறம் அடுத்த ஆளு போறதப் பத்தி பேசலாம்."

அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பது.

செல்வி சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூமிகா இஸ்திரி போட்ட சுடிதாரில், கையில் ஒரு வேலையும் இல்லாமல், வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிச் சொல்லி நடந்தாள்.

"இன்னாடி மந்திரம் சொல்லிகினு கீற?"

"பேஜாரா கீதும்மா. மிஸ் பண்றதுன்னு இங்கிலீஷ்ல ஒண்ணே ஒண்ணு. பஸ்ஸையும் மிஸ் பண்ணலாம், ஆளையும் மிஸ் பண்ணலாம். அதுல அப்படி இல்ல. பிரிச்சி பிரிச்சி வச்சிகினு கீறான்."

"எப்படி பிரிச்சான்?"

"பஸ்ஸ மிஸ் பண்ணா ஃபெர்பாஸன். ஆள மிஸ் பண்ணா ஃபெர்மிஸன்."

"பாஸு, மிஸ்ஸு. இஸ்கூலு மாதிரி கீதே."

"சிரிக்காதம்மா. எங்க கிளாஸ்ல துளசிராமன்னு ஒருத்தன். ஹாஸ்டல்ல இருக்கான். அவங்கம்மாவ மிஸ் பண்றேன்னு சொல்ல வந்தவன், பஸ்ஸுக்கு உண்டான வார்த்தைய போட்டுட்டான். ஏம்பா, உங்கம்மா எத்தினி மணிக்கு கிளம்பிப் போச்சின்னு டீச்சரு கேட்டாங்க. மூணு நாளு அவன அத சொல்லியே ஓட்னோம். இப்ப எனக்கே ரெண்டும் கொழம்புது."

"ரெண்டுதானே."

"இன்னும் ஒண்ணு கீது. ஃபேலன். இருக்க வேண்டியது ஒண்ணு இல்லன்னா அதுக்கு. அத ஆளுக்கும் சொல்லலாம்."

செல்வி காம்பைக் கிள்ளிப் போட்டாள். "நமக்கு இந்தத் தொல்லையே இல்ல. தேடுதுன்னு சொல்லிட்டு வேலையப் பாப்போம். நீ போயிட்டா எனக்கு தேடும். உங்க நைனாவுக்கு என்னையவிட தேடும். வாயத் தொறந்து சொல்லாது, அவ்ளோதான்."

பூமிகா நடப்பதை நிறுத்தினாள். முன்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஈரத் துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அதச் சொல்லாதம்மா இப்ப," என்றாள்.

*

பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் மேனேஜரம்மா வந்தாள். பெயர் வேபர் என்று பூமிகா சொல்லியிருந்தாள். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். செல்வி அவள் கண்ணில் படாமல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாஷை புரியாது. முகம் புரியும். கேன்டீனில் தினமும் எத்தனையோ முகத்துக்குச் சோறு போடுகிறவள். யார் இன்னும் ஒரு கரண்டி கேட்கப் போகிறார், யார் வம்புக்கு வருகிறார் என்று தட்டை நீட்டும்போதே தெரிந்துவிடும்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா ஏதோ கேட்க, பூமிகா முன்கட்டைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். அப்பா நைட் ஷிப்ட், தூங்குகிறார், அதனால்தான் மெல்லப் பேசுகிறேன் என்பதாக இருக்கும். அந்த அம்மா சிரித்தாள். தானும் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். நைட் டூட்டி தெரிந்தவள் போல.

கேள்வி வந்தது, பதில் போனது. பூமிகாவின் தோள் இறங்கி, இறுக்கம் விட்டது. பெட்சீட் மாற்றுவதைப் பற்றியோ என்னவோ, கையால் உருட்டிக் காட்டிப் பேசினாள். செல்வி மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

பிறகு அந்த அம்மா முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, தன்மையாக ஒன்று கேட்டாள்.

பூமிகா வாயைத் திறந்தாள். மூடினாள். அப்புறம் ஒரே மூச்சில் சொன்னாள்.

"மைன் ஃபாட்டர் ஸூக்ட் மிக்."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. மறைந்துவிடவில்லை, பாதியில் நின்றது. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து மெதுவாக ஏதோ கேட்டாள். பூமிகா அவசரமாகத் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாத ஆட்டம் அது. பிறகு மறுத்து ஏதோ சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக, நீளமாகப் பேசினாள்.

பூமிகா போனை லேசாக அந்தப் பக்கம் திருப்பிவிட்டு அம்மாவிடம் குனிந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"ம்மா, போச்சும்மா."

"இன்னாடி ஆச்சு?"

"நீ போனா ஊட்ல உன்ன மிஸ் பண்ண மாட்டாங்களான்னு கேட்டாங்க. பாஸனா மிஸனான்னு ஒரு செகண்டு நின்னுட்டேன். நீ சொன்னதுதான் வாயில வந்துது. நைனா என்ன தேடும்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தானே சொல்லிக்கீற?"

"அங்க தேடறதுன்னா நெஜமாவே தேடறதும்மா. காணாம போனத தேடற மாதிரி. எங்கப்பா என்ன தேடிகினு கீறாருன்னு அவங்க எடுத்துகினாங்க. நீ ஊட்ல சொல்லாம ஓடி வரியான்னு கேக்கறாங்க."

தப்பான வார்த்தைதான். ஆனால் அந்தத் தப்பு எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கேயே குத்தியிருக்கிறது.

"இல்லன்னு சொல்லேன்."

"சொன்னேன். அப்ப உங்கப்பா பக்கத்துலதானே தூங்கறாரு, அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்றாங்க. போன வருஷம் இப்படித்தான் ஒரு பொண்ணு ஊட்ல சண்டை போட்டுகினு போயி, அழுதுகினே இருந்து திரும்பிப் போயிடுச்சாம். ஊட்டுக்குத் தெரியாத பொண்ண எடுக்க மாட்டாங்களாம்."

போனுக்குள் அந்த அம்மா பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

"இன்னாங்க."

காலைத் தொட்டாள். துண்டு விலகியது. மணவாளன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். புறங்கையில் பொறி தெறித்த பழைய வடுக்கள் புள்ளி புள்ளியாக இருந்தன.

"சோறு ஆயிடுச்சா?"

"இல்ல. பாப்பா கூப்புடுது. ஒரு வெளிநாட்டம்மா உங்களப் பாக்கணுமாம்."

"எங்க, தெருவுலயா?"

"போன்ல."

அவர் எழுந்து உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் ஒன்று மேலே கீழே மாறிக்கொண்டது. அதைச் சரிசெய்யச் செல்விக்குக் கை வரவில்லை.

சமையல்கட்டில் மகள் நகர்ந்து இடம் விட்டாள். போனில் முழுசாக மணவாளனின் முகம் வந்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். அந்த அம்மா இரண்டு வரி பேசினாள். பேசிவிட்டுப் பூமிகாவைப் பார்த்தாள், நீயே உன் அப்பாவுக்குச் சொல் என்பது போல.

அந்த வீட்டில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிப் பரீட்சை என்று சொல்லலாம். சும்மா சிநேகிதி என்று சொல்லலாம். அப்பாவுக்கு ஒன்றும், அந்த அம்மாவுக்கு ஒன்றும் சொல்லி இரண்டு பேரையும் சிரித்த முகமாக அனுப்பிவிடலாம். செல்விக்கே அது தோன்றியது. அப்படியே சொல்லிச் சமாளித்துவிடடி என்று கண்ணால் கெஞ்சவும் கெஞ்சினாள்.

பூமிகா அம்மாவைப் பார்க்கவில்லை.

"நைனா, இது ஜெர்மனி வேலைக்கு இண்டர்வியூ. நான் போறதுக்கு. ஆடி மாசத்துல இருந்து படிச்சிகினு கீறேன். ஓவர் டைம்னு உன்கிட்ட சொன்னது பொய்யி. நான் வர்றது உனக்குத் தெரியுமான்னு இவங்க கேக்கறாங்க."

குக்கர் ஆவி அடங்கி லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. மணவாளன் மகளைப் பார்த்தார். பிறகு செல்வியை. பிறகு, தெரியாத ஊரில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு தன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவை.

"தெரியும்னு சொல்லு," என்றார்.

பூமிகா அப்பாவையே பார்த்தாள்.

"சொல்லும்மா. வெளி ஆள காக்க வச்சிகினு."

அவள் சொன்னாள். அந்த அம்மா தலையசைத்தாள். இன்னும் ஒன்று கேட்டாள். முதலில் மகளிடம் கேட்டதைத்தான் கேட்கிறாள் என்று செல்விக்குப் புரிந்துவிட்டது. அதே முகச் சாய்வு.

"நான் போயிட்டா நீ தேடுவியான்னு கேக்கறாங்க, நைனா."

"இதெல்லாமா இண்டர்வியூல கேப்பாங்க?" மணவாளன் மாறிப் போன பொத்தானைத் தடவினார். "ஊட்ல ஒரு ஆளு கொறைஞ்சா தேடாதா? சோறு போடும்போது ஒரு தட்டு கம்மியா எடுத்தாலே தெரியுதே. அப்படியே சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத."

பூமிகா இந்தத் தடவை யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காலையில் கேட்ட ஃபேலன் என்ற சத்தம் அதில் எங்கோ வந்து போனதைச் செல்வி பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணவாளனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதை யாரும் தமிழில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த வாரத்துக்குள் பதில் அனுப்புகிறேன் என்று சொல்லி அவள் போனாள்.

*

"சோத்தப் போடு," என்றார் மணவாளன்.

சத்தம் போட்டிருந்தால் செல்விக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கீரையைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். பூமிகா எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றாள் செல்வி.

"தெரியுது."

"பாப்பா மேல கோவப்படாதீங்க."

"அவன் ரயில் ஏறிட்டு சொன்னான். இது ஏறதுக்கு முன்னாடி சொல்லுது. அந்த அளவுக்கு ஊடு தேறியிருக்கு." மோரை ஊற்றிக்கொண்டார். "அந்தம்மா எழுப்பச் சொல்லலன்னா நீ எப்ப சொல்லியிருப்ப, பாப்பா?"

பூமிகா முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தெரியும்னு நான் சொன்னது வெளி ஆளுக்கு. நம்ம ஊட்டு விஷயத்த அங்க வச்சி விட்டுக்குடுக்க முடியாது. ஊட்டுக்குள்ள நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. போனவன் வாசப்படி ஏறட்டும்னேன். அதுல மாத்தம் இல்ல."

செல்வி மகளைப் பார்த்தாள். அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் பட்டது. பரத் வருவதாவது. அப்பாவின் போன் இல்லாமல் வரமாட்டேன் என்பவன் அவன். அவன் வராமல் போன் செய்யமாட்டேன் என்பவர் இவர்.

கை கழுவப் போனவர் திரும்பி வந்து கதவில் சாய்ந்தார்.

"ஆமா, அந்தம்மா எதுக்கு என்ன எழுப்பச் சொல்லிச்சி? நல்லாத்தானே பேசிகினு இருந்த?"

பூமிகா சொன்னாள். மிஸ் என்ற ஒன்று மூன்றாக உடைந்ததை, துளசிராமன் கதையை, தேடும் என்று சொல்லி மாட்டிக்கொண்டதை. துளசிராமனுடைய அம்மா எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்ற இடத்தில் மணவாளனுக்கு வாய்க்கோணத்தில் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"கடசில நான் சொன்னதுக்கு எந்த வார்த்தையப் போட்ட?"

"ஃபேலன். கிளாஸ்ல ஆப்சென்ட்டுன்னு சொல்றதுக்கும் அதேதான் நைனா. இன்னிக்கு யாரு ஃபேலன்னு கேப்பாங்க. மனசுக்குத் தேடுதுன்னாலும் அதேதான். அப்படியே தமிழ்ல சொன்னா, நீ எனக்கு ஆப்சென்ட்டுன்னு வரும்."

"நீ எனக்கு ஆப்சென்ட்டு." அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மேஸ்திரியாகத் தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் ஆள் எண்ணுகிறவர். "எங்க கம்பெனில சொல்லாம கொள்ளாம ஆப்சென்ட்டு ஆனா பேரையே அடிச்சிடுவான்."

"ஊட்ல அடிக்க மாட்டாங்க நைனா," என்றாள் பூமிகா.

மணவாளன் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி போய்ப் படுத்தார். இந்தத் தடவை தூங்கவில்லை. ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அந்த வழியாக வேண்டுமென்றே இரண்டு தடவை போய் வந்த செல்விக்குத் தெரியும்.

*

வெயில் சாய்ந்ததும் அவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பினார். டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போனார். மறக்கிற ஆள் இல்லை. செல்வி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட, பூமிகாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் வாசனை அடித்தது.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் மணவாளன் தனியாக நின்று போனைக் காதில் வைத்திருந்தார். இவர்கள் கிட்டே போவதற்குள் அதைக் காதில் இருந்து எடுத்து, அவசரமாக அமுக்கிவிட்டுச் சட்டைப் பையில் போட்டார்.

"யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. ரெண்டு ரிங்கு போச்சி. கட் பண்ணிட்டேன்."

செல்வி கேரியரை நீட்டினாள். அவர் அதை வாங்கும்போது பஸ் வந்து நின்றது. அவரோடு ஒரே ஷிப்ட்டில் இருக்கும் ஜெயராஜ் கதவருகே நின்று கையை நீட்டினான். "ஏறுண்ணா, இன்னா குடும்பமே வழியனுப்ப வந்துக்கீது."

மணவாளன் படியில் காலை வைத்தார். சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். பூமிகா எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே செல்விக்குத் தெரிந்துவிட்டது, யார் என்று.

"அண்ணா, டிரைவர் திட்றான்," என்றான் ஜெயராஜ்.

மணவாளன் படியில் இருந்து காலை எடுத்தார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, எளாவூர்ப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷ வேலையில் அவர் அந்த பஸ்ஸை விட்டு செல்வி பார்த்ததில்லை.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பச்சையை அமுக்கிக் காதில் வைத்தார்.

"நைனா?" பரத்தின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "மிஸ்டு கால் வந்துது. தப்பா வந்துச்சா?"

"தப்பா வர்ல."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. மணவாளன் சட்டென்று போனைக் காதில் இருந்து எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. ரெண்டு பாஷ படிச்சவ நீதானே. அந்த வார்த்தைய அவனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

பூமிகா போனை வாங்கினாள். இந்தத் தடவை எந்த வார்த்தை என்று அவள் நின்று யோசிக்கவில்லை.

"அண்ணா, நைனா உன்ன தேடுதுண்ணா. எப்ப வர?"

பரத் என்னவோ சொன்னான். சொல்ல ஆரம்பித்தான் என்பதை மகளின் புருவத்தில் செல்வி பார்த்தாள். அதே நேரம் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று ஊதிக்கொண்டு வந்து, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாத மாதிரி கடந்தது. மணவாளன் கேரியரைப் பிடித்தபடி மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு பூமிகா இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"இன்னொரு தபா சொல்லுண்ணா. ரயிலு சத்தத்துல மிஸ் ஆயிடுச்சி."